குருதியில் எழுதிய வரலாறு

மதுரைச் சமவெளியின் மேற்கு ஓரத்தில், மலைத்தொடரை அடுத்து அமைந்த பேரூர் எழுமலை. அதற்கு வடக்கே உசிலம்பட்டி. அவ்வட்டாரத்துச் சிற்றூர்களுள் ஒன்று சோதிமாணிக்கம். வானத்தை நோக்கி உழுது பயிரிடும் மக்கள் வாழும் அவ்வூரின் பெயர், மாந்தரினம் உலகெங்கும் பரவிய வரலாற்றில் இன்று இடம்பெற்றுள்ளது. அதற்குக் காரணமானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இராமசாமி பிச்சப்பன் ஆவார்.

அவருடைய ஆராய்ச்சி மக்களிடத்தில் தொடங்கவில்லை, ஓணானிடத்தில் தொடங்கிற்று! வேலியோரங்களில் சிறுவர் கல்லெறிந்து துரத்தும் அவ்வெளிய உயிரின் மண்ணீரலில், நோயை எதிர்க்கும் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பேராசிரியர் முத்துக்கருப்பனுடன் ஆராய்ந்து, 1977-இல் ஆய்வுரை வெளியிட்டார். பின்னர் அவர் கருத்து மனிதரின் நோய்த்தடுப்பாற்றலின்பால் திரும்பியது. காசநோய்க் கிருமி பலருடைய உடலிலும் புகுகின்றது. ஆயினும் சிலரே நோயுறுகின்றனர். இவ்வேறுபாட்டிற்குப் பிறப்பிலேயே அமைந்த காரணம் உண்டோ?

வெள்ளணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் பொருள்கள் உள. அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். நோயுற்றோரின் அடையாளங்களையும் நலமுடையோரின் அடையாளங்களையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கலாம். ஆனால் நம் நாட்டில் இதற்கு ஒரு தடை உண்டு. இங்குள்ள சமூகங்கள் நெடுங்காலமாகத் தம்முள்ளேயே மணவினை செய்து வருவன. ஆதலின் ஒரு சமூகத்து நோயாளியை மற்றொரு சமூகத்து நலமுடையோருடன் ஒப்பிட்டால், காணும் வேறுபாடு நோயால் வந்ததா, குலத்தால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. எனவே நோயை அறிவதற்கு முன் மக்களை அறிய வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டின் முதன்மையான மக்கட்பிரிவினரின் எச்.எல்.ஏ. அடையாளங்களைப் பற்றிப் பிச்சப்பனும் அவருடன் உழைத்தோரும் எழுதிய ஆய்வுரை 1984-இல் வெளிவந்தது. டி.ஆர்.2 என்னும் அடையாளம் தென்னிந்தியக் காசநோயாளரிடம் மிகுந்து காணப்படுவதை 1991-இல் வெளியிட்டனர். மருத்துவ வினா ஒன்று, இவ்வாறு மெல்ல மெல்ல வரலாற்று வினாவாக வளர்ந்தது.

இதன்பின் ஒய் குரோமோசோம் ஆராய்ச்சி துணைக்கு வந்தது. இது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. பெரும்பகுதி மாற்றமின்றியே செல்லும். எப்பொழுதேனும் ஓர் எழுத்து மாறிவிடின், அம்மாற்றம் அவ்வழியில் தோன்றும் ஆண்மக்கள் அனைவரிடமும் நிலைத்து நிற்கும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் ஓரிடத்தில் செய்த பிழை, அப்படியைப் பார்த்து எழுதிய சுவடிகளிலெல்லாம் தொடர்வது போன்றது இது. பிழையைக் கொண்டே சுவடிகளின் உறவை அறியலாம் அல்லவா?

எம்130 என்பது அத்தகைய ஒரு மாற்றம். ஆப்பிரிக்காவினின்று வெளியேறிய மக்களிடையே ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னரோ, அதற்கும் முற்பட்டோ தோன்றியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடத்தில் இக்கிளை மிகுதி. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கடற்கரையோரமாகச் சென்றவர்கள் இந்தியாவைக் கடந்திருப்பின், இங்கும் அதன் சுவடு எஞ்சியிருத்தல் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்சும் பிச்சப்பனும் பிறரும் இணைந்து எழுதிய ஆய்வுரை 2001-இல் வெளிவந்தது. அதில் மதுரைப் பகுதி மக்களின் குருதியும் ஆராயப்பட்டிருந்தது. எதிர்பார்த்த சுவடு, சிலரிடத்தே இருந்தது. அவர்களுள் ஒருவர் சோதிமாணிக்கத்தைச் சேர்ந்தவர். 2003-இல் வெல்சு தோன்றிய ஆவணப்படம் அவ்வூரை உலகிற்குக் காட்டியது.

அவரை "முதல் இந்தியர்" என்று சிலர் புகழ்ந்தனர். அது பொருந்தாது. எம்130 ஒரே ஒரு வழியைக் காட்டும் அடையாளம். தந்தை, தந்தையின் தந்தை என்னும் நேர்கோடு. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் இக்குரோமோசோம் கூறுவது ஒன்றைப் பற்றியே. அன்றியும், அடுத்த வீட்டாரின் முன்னோரும் அதே தொன்மையினரே. அவர் வழியில் வேறு மாற்றங்கள் நிகழ்ந்தன, அவ்வளவே. ஆஸ்திரேலியருக்கும் இங்குள்ளோருக்கும் இடையேயுள்ள உறவும் அண்மைக்காலத்தது அன்று. இவ்விரு கிளைகளும் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தன என 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

2005-இல் தொடங்கிய உலகளாவிய மரபணுத் திட்டத்தில் இந்தியப் பணிக்குப் பிச்சப்பன் தலைமை ஏற்றார். அதன் பயனாக 2012-இல் ஓர் ஆய்வுரை வெளிவந்தது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் வேறு 19 சமூகங்களையும் சார்ந்த 1,680 ஆடவரின் ஒய் குரோமோசோம்கள் அதில் ஆராயப்பட்டன. மக்களிடையே காணப்பட்ட வேறுபாடு, அவர்கள் எவ்வாறு உணவு தேடி வாழ்ந்தனர் என்பதோடு பெரிதும் ஒத்திருந்தது. காட்டில் உணவு தேடியோர், வறண்ட நிலத்தில் பயிரிட்டோர், ஏரிநீர் பாய்ச்சி உழுதோர் எனப் பிரிந்த பிரிவுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே உருப்பெறத் தொடங்கின என்றும், சாதி முறைமை அதன்பின் வந்து அப்பிரிவுகளின்மேல் அமைந்தது என்றும் ஆய்வாளர் கருதினர்.