கடையிற் கேட்ட கோவா

சமையற் குறிப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு புதியதொரு பலகாரஞ் செய்ய முற்படுவோருக்கு அடுப்பங்கரையில் நேரும் தொல்லைகள் பல. ஆயினும், அவற்றுக்கு முன்னதாகவே, பலசரக்குக் கடையின் வாசலில் நேரும் தொல்லை ஒன்று உண்டு. குறிப்பிலே எழுதியிருக்கும் சரக்கு கடையில் இருக்கின்றதா, இல்லையா என்பதன்று அது. அந்தப் பெயரால் நாம் கேட்பதும், அதே பெயரால் கடைக்காரர் எடுத்துத் தருவதும் ஒரே பொருள்தானா என்பதே அது. நேயர்களே, இதனை நான் கற்றுக்கொண்டது கந்தப்பளையிலே.

கந்தப்பளை நுவரெலியாவுக்கு அருகிலுள்ள சிறிய பட்டினம். மேலே தேயிலை, கீழே காய்கறித் தோட்டம். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, கோவா ஆகியவற்றை ஏற்றிய லொறிகள் அங்கிருந்து புறப்பட்ட வண்ணமே இருக்கும். சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் பண்ணை அமைக்க முற்பட்ட காலந்தொட்டு இம்மலைக் குளிரில் மேனாட்டுக் காய்கறிகள் செழித்து வளர்கின்றன. அத்தகைய ஊரிலே, தீபாவளிக்கு இரண்டு நாளின் முன்னர், சென்னையிலிருந்து வந்த சஞ்சிகை ஒன்றிற் கண்ட குலாப் ஜாமுனைச் செய்துவிடுவதென்று என் தங்கை தீர்மானித்தாள். குறிப்பின் முதல் வரியே, “சர்க்கரை இல்லாத கோவா, கால் கிலோ” என்றிருந்தது.

அவள் அதனைப் படித்துக் காட்டியதும் கடை முதலாளி சற்று நேரம் யோசித்தார். பின்னர், “கால் கிலோவாக வெட்டிக் கொடுக்கிறதில்லை தங்கச்சி, முழுசாகத்தான் எடுக்கவேணும்” என்று வாசலிற் குவித்திருந்த பச்சைக் குவியலைக் காட்டினார். அது கிடக்க, அவருக்கே ஓர் ஐயம் எழுந்தது. “அது சரி, சர்க்கரை இல்லாத கோவா என்றால், சர்க்கரை உள்ள கோவா எந்தத் தோட்டத்தில் விளைகிறது?” என்று கேட்டார். தங்கைக்கும் விடை தெரியவில்லை. வெறுங்கையுடன் திரும்பினாள்.

தமிழ்நாட்டார் முட்டைக்கோசு என வழங்கும் கீரைக்காயை நாம் கோவா என்கின்றோம். போர்த்துக்கேயர் இந்நாட்டுக்கு வந்தபோது தம்மொழியிற் கோவ் என்று சொன்ன பெயர் சிங்களத்தில் கோவா ஆயிற்று. தமிழரும் அதனையே வழங்கலாயினர். தமிழ்நாட்டுக் கோவாவோ வடநாட்டிலிருந்து வந்த சொல். பாலைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக எடுப்பது அது. பால்கோவா என்னும் பெயரில் ஒளிந்திருப்பதும் அதுவே. ஒன்று மேற்கிலிருந்து கப்பலேறி வந்தது. மற்றொன்று வடக்கிலிருந்து தரைவழியாக வந்தது. இரண்டும் ஒரே ஒலியுடன் கந்தப்பளைக் கடைவாசலிற் சந்தித்துக்கொண்டன!

உற்று நோக்கின், குழப்பத்தைத் தீர்க்கும் திறவுகோலும் அந்த வரியிலேயே இருந்தது. “சர்க்கரை இல்லாத” என்னும் அடைமொழியே இது காய்கறியன்று என்பதைச் சொல்லிவிடுகின்றது. அச்சொல்லும் கூட நம்மிடையே தடுமாறுவதுதான். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளிற் சர்க்கரை என்பது பெரும்பாலும் வெள்ளைச் சீனி; இலங்கைத் தமிழரிற் பலருக்கோ சர்க்கரை என்றதும் நினைவுக்கு வருவது பழுப்பு நிறமான வெல்ல வகை. முந்திரியும் அப்படியே. ஈழத்துப் பழைய வழக்கிலே முந்திரிகை என்பது திராட்சையையும் குறிக்கும். கஜு என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் தடுமாறமாட்டார்.

கோவாவினால் வந்தது சிரிப்பு மாத்திரமே. கசகசாவினால் வந்தது அத்துடன் நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சிக் குருமா வைத்தபொழுது, “இரண்டு தேக்கரண்டி கசகசாவை ஊறவைத்து அரைத்துச் சேர்க்கவும்” என்ற விதிப்படி கசகசா வாங்கி ஊறவைத்தோம். கால் மணி நேரத்திற் பாத்திரம் முழுவதும் தவளை முட்டை போலப் பொங்கி நின்றது. அம்மியில் வைத்தால் வழுக்கி ஓடியது. வாங்கியாயிற்றே என்று குழம்பிற் கொட்டினோம். விருந்துக்கு வந்திருந்த மாமா ஒரு வாய் உண்டுவிட்டு, இது குருமாவா, குளிர்பானமா என்று கேட்டார். இறைச்சி விலை விற்ற விலையில் அது நகைக்கத்தக்கதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் ஏமாற்றவுமில்லை, தவறவுமில்லை. இலங்கையிற் கசகசா என வழங்குவது திருநீற்றுப்பச்சை இனத்துச் செடியின் விதை. கருநிறமானது, நீரிலிட்டால் ஒவ்வொரு விதையையும் சுற்றிக் கூழ் போன்ற உறை பருக்கும். பலூடாவில் மிதப்பது அதுதான். தமிழ்நாட்டிலே இதற்குச் சப்ஜா விதை என்று பெயர். குருமாவுக்கு வேண்டிய கசகசாவோ அபினிச் செடியின் விதை. இந்தியாவில் வெண்மையான வகையும், ஐரோப்பாவில் நீலச் சாம்பல் நிறமான வகையும் வழக்கில் உள்ளன. ஒரு கிராமில் ஏறத்தாழ மூவாயிரம் விதைகள் அடங்குமளவுக்கு அது நுண்ணியது. எண்ணெய்ச் சத்து மிகுந்தது. ஆதலால் அரைத்துச் சேர்த்தால் குழம்பு கெட்டியாகி வழவழப்பாகும். எத்துணை நேரம் ஊறினாலும் அது கூழாகாது. வாங்கியது எதுவென்று அறிய வேண்டுமாயின், ஒரு சிட்டிகையைத் தண்ணீர்க் குவளையிலிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாற் போதும்.

இவ்விடத்திற் சற்று நின்று சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அபினி என்பது அச்செடியின் முற்றாத காயைக் கீறும்போது வடியும் பாலிலிருந்து எடுக்கப்படுவது. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில் அரசின் உரிமம் பெற்றோர் மாத்திரமே அதனைப் பயிரிடலாம். முற்றிய விதையைச் சமையலுக்குப் பயன்படுத்துவது அங்கே குற்றமன்று. ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அவ்விதையே தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. நமது தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்கெனச் செல்லும் பெண்கள் எத்தனை பேர்! புறப்படும் நாளிலே தாயார் மிளகாய்த்தூளுடன் சில சரக்குகளையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது வழக்கம். கந்தப்பளையில் வாங்கிய கசகசா சப்ஜா விதையாகவே இருக்கலாம். ஆனால் சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த கசகசா அதுவன்று. பொட்டலத்தின் மேல் எழுதிய பெயரோ இரண்டுக்கும் ஒன்று. சுங்க அதிகாரி தண்ணீர்க் குவளையுடன் பத்து நிமிடம் காத்திருப்பார் என்று எவரும் நம்பவேண்டாம். அந்தப் பெயருடைய எதையும் பெட்டியில் வைக்காதிருப்பதே நலம்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. மலையாள நாட்டு மீன்குழம்புக் குறிப்பிற் குடம்புளி என்று கண்டு, கொழும்பு வரைக்கும் ஆளனுப்பித் தேடிய குடும்பமொன்றை நான் அறிவேன். அவர்கள் வீட்டு அடுப்பின் மேலே பானையொன்றிற் கறுத்துச் சுருங்கிக் கிடந்த கொறக்காவைத்தான் அவர்கள் ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டும் ஓரினத்து மரங்களின் கனிகள். காயவைத்துப் புகையூட்டிப் பதப்படுத்துவதும் ஏறக்குறைய ஒரே வகைதான். சிங்களவரின் அம்புல் தியலில் மீனுக்குப் புளிப்பூட்டிக் கெடாமற் காப்பதும் இதுவே. முன்னர்ப் பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இங்கே பொருள் ஒன்று, பெயர் இரண்டு. பட்டை என்று தமிழ்நாட்டுக் குறிப்புச் சொல்வது பெரும்பாலும் தடித்து ஒற்றைச் சுருளாயிருக்கும் வேறொரு மரத்தின் பட்டை. நம்முடைய கறுவா சுருட்டுப் போலப் பல மெல்லிய அடுக்குகளாயிருக்கும், மணமும் மென்மையானது. அதற்குப் பதிலாக இதனை இடலாம், தவறில்லை.

ஆகவே கடைக்குச் செல்லும்போது பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போவது போதாது. அந்தச் சரக்கு குழம்பில் என்ன வேலை செய்யப்போகின்றது என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடவேண்டும். “குருமாவைக் கெட்டியாக்க அரைத்துப் போடுவது” என்று நாங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால், “அது இங்கே இல்லை, கஜுவை அரைத்துப் போடுங்கள்” என்று அவரே வழிகாட்டியிருப்பார். மலைநாட்டுக் கடைகளில் நமக்கு வாய்த்த மற்றொரு வசதி சிங்களப் பெயர். குறிப்பிலே சோம்பு என்றிருப்பது நமது பெருஞ்சீரகம். சீரகமா, பெருஞ்சீரகமா என்னும் தடுமாற்றம் வந்தால் சூதுரு, மாதுரு என்று கேட்டுவிடலாம். முன்னது சீரகம், பின்னது பெருஞ்சீரகம். ஒரு மொழி காலைவாரும்போது மற்றொரு மொழி கைகொடுக்கும். இவ்வளவும் தெரிந்த கடைக்காரர் ஒருவர் நூறு சமையற் புத்தகங்களுக்குச் சமம் என்பது என் எண்ணம். பேரங்காடிகளின் தட்டுகளுக்கிடையே நாமாகத் தேடி எடுக்கும் வழக்கம் பெருகியபின், கேட்பதற்கு அத்தகையவர் அருகில் இல்லாமற் போவதுதான் குறை.

தங்கையின் கோவா என்னாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். லயத்தில் மாடு வைத்திருந்தவரிடம் ஒன்றரை லீற்றர் பால் வாங்கி, அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கைவிடாது கிளறினாள். ஏறக்குறையக் கால் கிலோ கட்டி கிடைத்தது. மாவுடன் பிசைந்து, உருட்டி, பொரித்து, பாகிலிட்டு, தீபாவளியன்று கடை முதலாளி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். அவர் இரண்டைத் தின்றுவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் கோவாவை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டனுப்பினார்.