நம்புவோரும் நம்பாதோரும் அமரும் சதுரம்

ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பி.எஃப்.வைட், ஈ.ஜே.கிங் ஆகிய இருவரும் தொகுத்து 1844இல் வெளியிட்ட ‘தி சேக்ரட் ஹார்ப்’ பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் கிறித்தவப் பாடல்களால் ஆனது. ஐசக் வாட்ஸின் செய்யுள்கள் நிறைந்த அந்நூல் பாவத்தையும் மரணத்தையும் மீட்பையும் பூசிமெழுகாமல் பேசுவது. அமெரிக்கத் தென்பகுதியின் சிற்றூர்த் தேவாலயங்களில் வழிவழியாகப் பாடப்பட்டுவந்த இந்த மரபு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கத்திய நகரங்களுக்கும், பின்னர் இங்கிலாந்து, அயர்லாந்து, போலந்து ஆகிய நாடுகளுக்கும் சென்றபோது, யூதர்களும் கடவுள் மறுப்பாளர்களும் அதே நூலைக் கையிலெடுத்து உரத்த குரலில் பாடத் தொடங்கினர்.

இந்நூலைப் பாடுவோரின் கூடுகையில் மேடை இல்லை, பக்க வாத்தியம் இல்லை, கேட்பதற்கென்று வருவோருக்குத் தனியிடமும் பெரும்பாலும் இருப்பதில்லை. நான்கு குரல் பிரிவினரும் நடுவே வெற்றிடம் விட்டு ஒருவரையொருவர் நோக்கிச் சதுரமாக அமர, முறை வந்தவர் நடுவில் நின்று தாம் விரும்பும் பாடலின் பக்க எண்ணைச் சொல்லிக் கையை மேலும் கீழுமாக அசைத்துத் தாளம் காட்டுகிறார். அச்சில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. முக்கோணம் ‘ஃபா’, வட்டம் ‘சோல்’, சதுரம் ‘லா’, சாய்சதுரம் ‘மி’ என்பதால் இம்முறைக்கு வடிவச் சுர முறை என்று பெயர். நம் கர்நாடக இசையின் கீதப் பாடத்தில் சுரத்தைப் பாடியபின் சாகித்தியத்துக்குச் செல்வதைப்போலவே, இங்கும் முதலில் சுரங்களையும் பிறகே சொற்களையும் பாடுகிறார்கள்.

சொல்லுக்கு முன் சுரம் வருவதால் நம்பிக்கையற்றவர்க்கு இடம் கிடைக்கிறது என்று விளக்குவது எளிது. ஆனால் அது முழு விளக்கமாகாது, ஏனெனில் சுரம் முடிந்தவுடன் சொற்கள் வந்துவிடுகின்றன, அவற்றை வாய்விட்டுப் பாடியே ஆகவேண்டும். மதமோ அரசியலோ குறித்த வாதத்தைச் சதுரத்துக்கு வெளியே விட்டுவரும் எழுதப்படாத வழக்கமும், ‘நீர் எதை நம்புகிறீர்’ என்று எவரையும் கேளாத பண்புமே நம்பாதவரும் அச்சொற்களைப் பாடுவதைச் சாத்தியமாக்குகின்றன எனலாம். இந்தப் பண்பை நகரவாசிகள் கொண்டுவரவில்லை. தமக்குள் கொள்கை வேறுபாடு கொண்ட பல சபையினர் ஒரே கூரையின்கீழ் பாடவேண்டியிருந்த தென்பகுதிப் பாடல் மாநாடுகளிலேயே அது வேரூன்றியிருந்தது.

‘வெறும் இசைக்காகத்தான் வருகிறோம்’ என்னும் சமாதானம் தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. பெரிய கூடுகைகளில், கடந்த ஓராண்டில் மறைந்தோர், நோயால் வர இயலாதோர் ஆகியோரின் பெயர்களை வாசித்து அவர்களுக்காகப் பாடும் நினைவுப் பாடம் என்ற பகுதி இடம்பெறுகிறது. கடவுளை ஏற்காதவரும் தம் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பாடியவரின் பெயர் வாசிக்கப்படும்போது எழுந்துபோவதில்லை. தொடக்கத்திலும் நிறைவிலும் செபம் உண்டு. செபிக்காதவர் அமைதியாக நிற்கிறார். பிற சமயத்தார் வருகிறார்கள் என்பதற்காகப் பாடல்களின் இறையியலை நீர்க்கச்செய்யும் முயற்சி இம்மரபில் வெற்றிபெறவில்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அக்காலத்தில் வாழ்ந்த இசையமைப்பாளர்களின் பாடல்கள் சேர்ந்தபோதும் வாட்ஸ் தம் இடத்திலேயே இருந்தார். தமக்கு ஒவ்வாத வரிகளைத் தவிர்க்க விரும்புபவர், தம் முறை வரும்போது வேறு பக்க எண்ணைச் சொல்லலாம். அடுத்து நடுவில் வந்து நிற்பவர் அதே வரிகளைக் கேட்டுவாங்குவதைத் தடுக்க அவருக்கு வழியில்லை.