ஒரே மைதானம், நாலு பெயர்ப்பலகை

நமது சங்க உறுப்பினர்கள் பலரது கடைக் குளிர்பெட்டியில் மினிட் மெய்ட் ஆரஞ்சுச் சாறு பாட்டில் இருக்கும். வீட்டு உபயோகப் பொருள் வியாபாரத்தில் உள்ளவர்கள் டைகின் ஏ.சி. விற்றிருப்பார்கள். முன்னது கோகோ கோலா நிறுவனத்தின் சரக்கு. பின்னது ஜப்பானின் ஒசாகா நகரத்துக் கம்பெனி. இவ்விரண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் பேஸ்பால் மைதானத்துக்கு 2002 முதல் 2024 முடிய 'மினிட் மெய்ட் பார்க்' என்று பெயர். 2025 ஜனவரி முதல் அதே மைதானம் 'டைகின் பார்க்'. இந்த இரண்டு பெயருக்கும் முன்னால் அங்கே தொங்கிய பெயர்தான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது.

மைதானத்தின் பெயரை விலைக்கு விடுவது அமெரிக்காவில் பெரிய வியாபாரம். விலைக்கு விடுவது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது குத்தகைதான். 15 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு என்று கெடு வைத்து, ஆண்டுத் தவணையாகப் பணம் வாங்கிக்கொண்டு, கட்டடத்தின் நெற்றியை வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளே ஒரு செங்கல்லைக்கூட வாங்கியவர் சொந்தம் கொண்டாட முடியாது. சரக்கும் கிடையாது, இருப்பும் கிடையாது. கோடிக்கணக்கான டாலர் கைமாறுகிறது.

ஹூஸ்டன் கதையை விவரமாகச் சொல்ல வேண்டும். அந்நகரின் ஆஸ்ட்ரோஸ் என்ற பேஸ்பால் அணி, 1965 முதல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை மூடிய அரங்கில் ஆடி வந்தது. பழைய யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்தை ஒட்டிப் புது மைதானம் எழும்பியது. கட்டியது பெரும்பாலும் பொதுப் பணத்தில். ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் போட்ட வரி அதற்குப் போனது. மைதானம் இன்றும் பொது அமைப்பின் சொத்து. ஆனால் பெயரை விற்கும் உரிமை மட்டும் அணியின் முதலாளியிடம் இருந்தது. இந்த ஏற்பாடு நமக்கு விசித்திரமாகத்தான் படுகிறது. கட்டடம் ஊராருடையது, பலகை வருமானம் தனியாருடையது.

1999இல் அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி, 30 ஆண்டுக்கு 10 கோடி டாலர் தருவதாகப் பெயரை எடுத்துக்கொண்டது. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின் நிலைய விவகாரத்தில் நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஆண்டுக்கணக்கில் அடிபட்டதே, அதே என்ரான்தான். 2000ஆம் ஆண்டு 'என்ரான் ஃபீல்ட்' திறக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் என்ரான் பங்கு 90 டாலரை ஒட்டி விற்றது. அடுத்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள் 1 டாலருக்கும் கீழே வந்தது. கணக்குப் புத்தகத்தில் கடனை மறைத்தும் இல்லாத லாபத்தைக் காட்டியும் நடத்திய கம்பெனி, 2001 டிசம்பர் 2ஆம் தேதி மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. ஓய்வுக் காலத்துக்கென்று கம்பெனிப் பங்கிலேயே சேமித்திருந்த ஊழியர்களின் பணமும் கரைந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். அதே ஊரில் மைதானத்து வாசலில் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

### பாக்கி இல்லாத குடித்தனக்காரர்

இங்கேதான் வியாபார நுணுக்கம் இருக்கிறது. பெயரை எடுத்தவன் நொடித்துப் போனால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்று நாம் நினைப்போம். ஆனால் அணிக்குத் தர வேண்டிய தவணையில் என்ரான் பாக்கி வைக்கவில்லை. அதுமட்டுமல்ல, திவால் சட்டப்படி அந்தப் பெயர் ஒப்பந்தமே என்ரானின் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட வேண்டிய சொத்தை அணி தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. என்ரான் தரப்பு விட்டுக்கொடுக்க மறுத்தது. விவகாரம் கோர்ட்டுக்குப் போய், 2002 பிப்ரவரியில் சமரசமானது. சமரசம் என்னவென்றால், பெயரை விற்ற அணியே 21 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரருக்கு, கையில் பணம் கொடுத்துக் காலி செய்யச் சொல்வது நம் கடைத்தெருக்களில் நாம் அறியாததல்ல. அந்தப் பழைய கதையே ஹூஸ்டனில் டாலர் கணக்கில் நடந்தது.

பிறகு சில மாதங்கள் 'ஆஸ்ட்ரோஸ் ஃபீல்ட்' என்று அணியின் பெயராலேயே வழங்கினர். அந்த ஜூனிலேயே மினிட் மெய்ட் வந்து 28 ஆண்டுக்கு எடுத்துக்கொண்டது. சாறு கம்பெனியும் ஹூஸ்டனில் தலைமையகம் வைத்திருந்ததுதான். மைதானத்தின் சுவர்மேல் பழைய ரயில் நிலையத்தின் நினைவாக ஓடும் ரயில் வண்டியில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பழங்களை ஏற்றினார்கள். ரசிகர்கள் தாமாகவே 'ஜூஸ் பாக்ஸ்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். விளம்பரதாரர் பணம் கொடுத்தும் கிடைக்காத விளம்பரம் இது. 28 ஆண்டுக் கெடு முடியும் முன்பே பெயர் டைகினுக்கு மாறியது. ஹூஸ்டனை அடுத்த வாலர் என்ற ஊரில் 2017இல் மிகப் பெரிய ஏ.சி. தொழிற்சாலையைத் திறந்த கம்பெனி அது. அவர்களது ஒப்பந்தம் 2039 வரை.

என்ரான் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். பால்டிமோர் நகரில் 1999இல் பெயரை எடுத்த பி.எஸ்.ஐ.நெட் என்ற இன்டர்நெட் கம்பெனி 2001இல் திவாலாயிற்று. செயின்ட் லூயிஸில் அரங்கின் மேல் பெயர் எழுதியிருந்த டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனியும் அதே ஆண்டு மூழ்கியது. பாஸ்டனுக்கு அருகே சி.எம்.ஜி.ஐ. என்ற இன்டர்நெட் கம்பெனி எடுத்த பெயர், அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கும் முன்பே கைமாறியது. 2002இல் அங்கே ஏறியது ஜில்லெட் பெயர். ஷேவிங் பிளேடு விற்பவர் நிலைத்தார், இன்டர்நெட் விற்றவர் நிலைக்கவில்லை.

### விலை ஏறிய கதை

இந்தப் பழக்கம் எப்போது வந்தது? சூயிங் கம் தயாரித்த ரிக்லி குடும்பம் சிகாகோ அணியை வைத்திருந்தது. 1927 முதல் அந்த மைதானம் ரிக்லி ஃபீல்ட். இதில் குத்தகை ஏதும் இல்லை, முதலாளி தன் பெயரை வைத்துக்கொண்டார். நம் கல்லாப் பக்கத்து ஜாடியில் இருக்கும் டபுள்மின்ட் அந்தக் கம்பெனியின் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது.

1953இல் செயின்ட் லூயிஸ் அணியை பட்வைசர் பீர் கம்பெனி வாங்கியது. மைதானத்துக்கு பட்வைசர் ஸ்டேடியம் என்று பெயரிட விரும்பினார்கள். பீர் பெயர் ஆகாது என்று பேஸ்பால் ஆணையர் மறுத்துவிட்டார். சரி என்று முதலாளியின் குடும்பப் பெயரை வைத்து 'புஷ் ஸ்டேடியம்' என்றார்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. 1955இல் அதே கம்பெனி 'புஷ்' என்ற பெயரில் புதிய பீரைக் கடைக்கு அனுப்பியது! சரக்குக்கு ஏற்ற பெயரைப் பலகையில் எழுதத்தான் எல்லோருக்கும் தெரியும். பலகைக்கு ஏற்ற சரக்கைத் தயாரித்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முறைப்படி கெடு வைத்துப் பணம் கொடுத்த ஆரம்ப ஒப்பந்தங்களில் முக்கியமானது பஃபலோ நகரத்தினுடையது. கேக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ரிச்ஸ் விப்பிங் கிரீம் தயாரிக்கும் கம்பெனி, 1973இல் அந்த ஊர்க் கால்பந்து மைதானத்தின் பெயரை 25 ஆண்டுக்கு 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஆண்டுக்கு 60,000 டாலர். கெடு முடிந்தபோது கேட்கப்பட்ட புதிய விலைக்கு ரிச் இணங்கவில்லை. 1998இல் மைதானத்துக்கு அணி முதலாளி ரால்ஃப் வில்சனின் பெயரை வைத்தார்கள்.

அதன்பின் விலை எங்கேயோ போய்விட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் பேப்பர், பேனா, ஃபைல் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் கடைகளின் பெயர் 1999 முதல் 22 ஆண்டுகள் ஓர் அரங்கின்மேல் இருந்தது. 2021இல் கிரிப்டோ டாட் காம் என்ற கம்பெனி 20 ஆண்டுக்கு 70 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அதை எடுத்தது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டாலர்.

இவ்வளவு கொடுத்து என்ன வாங்குகிறார்கள்? நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் பலகை, டிக்கெட்டில் அச்சு, தொலைக்காட்சியில் முகப்பு, வாடிக்கையாளர்களை அழைத்து உட்கார வைக்கத் தனி அறைகள். குளிர்பானக் கம்பெனியானால் உள்ளே தன் சரக்கை விற்கும் வாய்ப்பு. இவையெல்லாம் கணக்கில் வரும். கணக்கில் வராதது ஒன்று உண்டு: ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவர் வாயிலும் அந்தப் பெயர் வருவது. பத்திரிகை நிருபர் காசு வாங்காமல் எழுதுகிறார், ரசிகர் காசு வாங்காமல் சொல்கிறார்.

ஆனால் வாய்க்குப் பழகிய பழைய பெயர் இருக்கும் இடத்தில் பணம் பலிப்பதில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்குக்கு 1995இல் த்ரீகாம் என்ற கம்பெனி பணம் கொடுத்துத் தன் பெயரை வைத்தது. ஊரார் கேண்டில்ஸ்டிக் என்றே சொல்லி வந்தார்கள். பிறகு மான்ஸ்டர் என்ற கம்பெனி வந்தது. 2004இல் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு, அந்த ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பெயரே இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு நல்ல விலையும் பழைய கட்டடத்துக்கு மட்டமான விலையும் போவதன் காரணம் இதுதான்.

இன்னொரு தொல்லை, பலகையை மறைக்கும் அதிகாரம் வேறொருவர் கையில் இருப்பது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலையன்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் கொண்ட அரங்கில் 2006 உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, ஃபிஃபா அந்தப் பெயரைப் புழங்க விடவில்லை. தன் ஸ்பான்சர்கள் தவிர வேறு பெயர் எதுவும் தெரியக் கூடாது என்பது அதன் நிபந்தனை. 2026 உலகக் கோப்பைக்கும் மெட்லைஃப் ஸ்டேடியத்தை 'நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்' என்றே அழைப்பதாக ஃபிஃபா அறிவித்தது. உலகமே பார்க்கும் மாதத்தில் காசு கொடுத்தவர் பெயர் மட்டும் காணாமல் போகிறது.

### ஊர்ப் பணம்

ஹூஸ்டனில் அணி மாட்டிக்கொண்டது. மயாமியில் மாட்டிக்கொண்டது உள்ளாட்சி. அங்கே கூடைப்பந்து அரங்கும் கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தம், பெயர் வருமானத்தின் பெரும்பகுதியும் அதற்கே. 2021இல் எஃப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ கம்பெனி 19 ஆண்டுக்கு 13.5 கோடி டாலருக்குப் பெயரை எடுத்தது. அந்தப் பணத்தைத் துப்பாக்கி வன்முறையைத் தடுக்கவும், இளைஞர்களுக்கு வேலை வாய்ப்பு ஏற்படுத்தவும் என்று நிர்வாகம் ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் வருங்காலத் தவணையை நம்பி இன்றைய செலவைத் திட்டமிட்டார்கள். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவால். 2023 ஜனவரியில் கோர்ட் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு கேசேயா என்ற மென்பொருள் கம்பெனி 17 ஆண்டுக்கு 11.74 கோடி டாலருக்கு வந்ததால் நிர்வாகம் தப்பியது. எல்லோருக்கும் இப்படி அடுத்த ஆள் உடனே கிடைத்துவிடுவதில்லை.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. புனே அருகே மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கத்தின் மைதானத்துக்குச் சகாரா குழுமத் தலைவர் சுப்ரதா ராய் பெயர் வைக்கப்பட்டிருந்தது. பேசிய பணம் வந்து சேரவில்லை என்று 2013இல் சங்கம் அந்தப் பெயரை மூடி மறைத்தது.

இதையெல்லாம் இந்த இதழில் எழுதக் காரணம், நம் உறுப்பினர்களும் பெயர் குத்தகை விடுகிறவர்கள்தான். கம்பெனிப் பிரதிநிதி டேப்புடன் வருகிறார், கடை முகப்பை அளக்கிறார், போர்டு இலவசம் என்கிறார். முக்கால் பங்கில் அவர் சரக்கின் பெயர், மூலையில் நம் கடைப் பெயர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருபது அடி முகப்பு என்றால் அதை ஹோர்டிங்காக எடுக்க விளம்பரக் கம்பெனி மாத வாடகை தரும். நாம் ஒரு போர்டு செலவு மிச்சம் என்று காலவரையின்றிக் கொடுத்துவிடுகிறோம். 2018இல் ஏர்செல் திவால் மனு கொடுத்த பிறகும் அதன் பெயர் தாங்கிய போர்டுகள் பல ஊர்களில் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன. சிம் கார்டும் இல்லை, வந்து கழற்றப் பிரதிநிதியும் இல்லை.

அடுத்த முறை டேப் வரும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. போர்டு எத்தனை ஆண்டுக்கு? அதற்கு மாதம் என்ன தருகிறீர்கள், பணமாகவா சரக்காகவா? உங்கள் கம்பெனி மூடினாலோ ஏஜென்சி மாறினாலோ கழற்றும் கூலி யாருடையது? பதிலை அவரது லெட்டர்பேடிலேயே எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பில் ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.