நுரைக்காத தண்ணீர் கெட்ட தண்ணீரா?

ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போய்க் குடியிருக்கும் குடும்பம் முதலிற் சண்டை பிடிப்பது அந்த ஊர்த் தண்ணீரோடுதான். சவர்க்காரம் நுரைக்கவில்லை. தலை முழுகினால் மயிர் சிக்குப்படுகின்றது. எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு அவியாமற் கிடக்கின்றது. தேத்தண்ணியின் மேலே படை படையாக ஏதோ மிதக்கின்றது. கேத்திலின் உள்ளே வெள்ளைக் கல் பிடிக்கின்றது. "இந்தத் தண்ணி எங்களுக்குச் சரிவராது" என்று தாய்மார் சொல்லத் தொடங்குகின்றார்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறித் தென்மராட்சியிலும் வன்னியிலும் கிணறு தேடியவர்களுக்கு இது தெரியும். 2009 இன் பின்னர் முகாமிலிருந்து வந்து, பல வருடம் கப்பி உருளாத கிணற்றை இறைத்துப் பார்த்தவர்களுக்கும் இது தெரியும்.

இந்தச் சண்டை சவர்க்காரத்தோடு முடிந்தால் பரவாயில்லை. நுரைக்காத தண்ணீர் நஞ்சுத் தண்ணீர் என்று எண்ணி, கட்டுக் கட்டிய நல்ல கிணற்றைக் கைவிட்டு, மாடும் மனிதரும் இறங்கும் குளத்துத் தண்ணீரையோ, வாய்க்கால் தண்ணீரையோ குடிக்கப் போகும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தண்ணீர் நன்றாக நுரைக்கும். பிள்ளைக்கு வயிற்றோட்டமும் வரும். ஆகவே நுரைக்காத தண்ணீரில் என்ன இருக்கின்றது, அதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பாடசாலைப் புத்தகத்தில் இதற்கு வன்னீர் என்று பெயர். நுரைக்கும் தண்ணீர் மென்னீர். மழைத்துளி வானத்திலிருந்து விழும்போது மென்னீராகத்தான் விழுகின்றது. அது மண்ணுக்குள் இறங்கும்போது, பயிர்களின் வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு, மிகவும் மென்மையான ஓர் அமிலமாகின்றது. நாக்குக்குத் தெரியாத அந்தப் புளிப்பு, கல்லுக்குத் தெரியும். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் போரினால் மூடப்படும் வரையும் அந்தக் கல்லைத்தான் சீமெந்தாக்கியது. இந்தக் கல்லைத் தண்ணீர் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு எமது கிணற்றுக்கு வருகின்றது. கரைந்து வருவது பெரும்பாலும் கல்சியம். அதோடு மகனீசியமும் உண்டு. முருங்கன் பக்கத்திலும் நிலத்தின் கீழே சுண்ணக்கல் உண்டு. வன்னியின் உட்பகுதிகளிற் கீழே இருப்பது கருங்கல் வகை. அங்கே ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் தண்ணீர் வேறாக இருக்கக் காண்கின்றோம். குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தின் மேலால் ஓடி வந்த மழைநீர். கல்லோடு அதிகம் பழகாதபடியாற்றான் அது நுரைக்கின்றது.

சவர்க்காரம் ஏன் நுரைப்பதில்லை? தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தைப் பிடித்துத் தயிர்க்கட்டி போன்ற ஒரு மண்டியாக்கி விடுகின்றது. கல்சியம் முழுவதும் இப்படிச் செலவான பின்னரே மிஞ்சிய சவர்க்காரம் நுரைக்கும். அதுவரையும் நாம் போடும் சவர்க்காரம் அழுக்கைத் தொடுவதேயில்லை. வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாவதும், மயிர் பிசுபிசுப்பதும், வாளியின் ஓரத்திற் படை கட்டுவதும் அந்த மண்டியினாற்றான். கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் வன்மையுள்ள தண்ணீரில் 20 லீற்றர் வாளி ஒன்றை நுரைக்க வைப்பதற்கு முன்னர், ஏறக்குறைய 36 கிராம் சவர்க்காரம் வீணாகின்றது. நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது சிறிய காசு அல்ல.

வன்மையை அளப்பது லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். 60 இற்குக் கீழே மென்னீர். 120 இற்கு மேலே வன்னீர். 180 இற்கு மேலே கடும் வன்னீர். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டுக் குடிநீர் நியமம் 250 ஐ மேலெல்லையாக வைத்திருக்கின்றது. ஆனால் உலக சுகாதார நிறுவனம், வன்மைக்கு உடல்நலக் காரணத்தால் எல்லை எதையும் விதிக்கவில்லை. காரணம் எளிது. கல்சியமும் மகனீசியமும் எமது எலும்புக்கும் உடலுக்கும் வேண்டிய பொருட்கள். பால் அதிகம் வாங்க வசதியில்லாத வீட்டில், கிணற்றுத் தண்ணீர் கொடுக்கும் கல்சியம் ஒரு சிறு உதவி.

"அப்படியென்றால் சிறுநீரகத்திற் கல் வருகிறதே?" என்று கேட்பீர்கள். கேத்திலிற் பிடிக்கும் கல்லைப் பார்த்தவர் வயிற்றிலும் அப்படித்தான் பிடிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எமது உடல் கேத்தில் அல்ல. அங்கே தண்ணீர் கொதிப்பதில்லை. வன்னீர் குடிப்பதாற் கல் உண்டாகின்றது என்பது நிரூபிக்கப்படவில்லை. வெயிலில் நாள் முழுவதும் தோட்டத்தில் நின்று, போதிய தண்ணீர் குடியாமல் வேலை செய்வதுதான் நன்கு அறியப்பட்ட காரணம். தண்ணீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால், பயந்த நோயையே வரவழைத்ததாகும். 1990 களில் வட மத்திய மாகாண விவசாயிகளிடையே முதலிற் கவனிக்கப்பட்ட சிறுநீரக நோய் வேறு விடயம். அதன் காரணம் இன்னமும் முடிவாகவில்லை. வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த தண்ணீர், விவசாய இரசாயனங்கள், வெப்பம் எனப் பலவற்றை ஆராய்ந்து வருகின்றார்கள். அந்தப் பகுதிகளிலும் அவற்றை அண்டியும் வாழ்வோர் தமது கிணற்றைச் சோதித்து அறிவது அவசியம்.

உண்மையிற் பயப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. மலக்குழியிலிருந்து வரும் கிருமி நுரையைக் கெடுப்பதில்லை. செம்மண் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள தண்ணீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமற் போய், உடல் நீலம் பாரிக்கலாம். புளோரைட்டு அதிகமானால், வளரும் பிள்ளையின் பல்லிற் பழுப்புக் கறை விழுகின்றது. எமது நியமத்தில் புளோரைட்டுக்கு எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள்: கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்றும் புளோரைட்டும் போகா. தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகும்.

வன்மையிலும் இரண்டு வகை உண்டு. கொதிக்க வைத்தால் நீங்குவது நிலையில் வன்மை. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்து வந்த கல் மீண்டும் கல்லாகப் படிகின்றது. கேத்திலில் இருப்பது அதுதான். சுண்ணக்கல்லே வீடு திரும்பியிருக்கின்றது. மற்றது நிலையான வன்மை. சல்பேற்று, குளோரைட்டு என்ற உப்புக்களாக இருப்பதால் அது கொதிக்கு அசையாது. கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் இது அதிகம், ஏனெனில் கடல்நீரில் மகனீசியம் நிறைய உண்டு. எங்கள் சனங்கள் இரண்டையும் சேர்த்துச் சவர்த் தண்ணீர் என்று சொல்லி விடுகின்றார்கள். வாயில் உப்புக் கரித்தால் அது உவர். கரிக்காமல், ஆனால் நுரைக்காமல் இருந்தால் அது வெறும் வன்னீர். உவருக்கு மருந்து வேறு. குடாநாட்டில் நன்னீர் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இயந்திரத்தை நாள் முழுவதும் ஓடவிட்டு அடிவரை இறைத்தால் உப்பு மேலே ஏறும். துலாவால் இறைத்த காலத்திற் கிணற்றுக்கு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது.

உங்கள் கிணறு எந்த வகை என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவான மூன்று கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் அரைவாசிக்கு மழைத்தண்ணீர். இன்னொன்றில் அதே அளவு கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில், பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடி மண்டியைக் கலக்காமல் தெளித்து ஊற்றிய அதே கிணற்றுத் தண்ணீர். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, இளஞ்சூடான மழைத்தண்ணீரிற் கரைத்து வையுங்கள். சலவைத்தூளும் சம்பூவும் இதற்கு உதவா. அவை வன்னீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. இனி ஒவ்வொரு போத்தலிலும் ஒரு கரண்டி சவர்க்காரக் கரைசல் விட்டுக் குலுக்கி, நுரை இரண்டு மூன்று நிமிடம் நிலைக்கும் வரையும் கரண்டி கரண்டியாகக் கூட்டி எண்ணுங்கள். மழைத்தண்ணீருக்கு 1, கிணற்றுத் தண்ணீருக்கு 8, கொதித்த தண்ணீருக்கு 3 என்று வந்தால், 5 பங்கு கொதியிற் போகும் வன்மை, 2 பங்கு போகாத வன்மை. பாடசாலைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒழுங்கையிலுள்ள எல்லாக் கிணற்றையும் ஒரு பின்னேரத்தில் எண்ணி முடித்து விடுவார்கள்.

சமையலுக்கு வருவோம். பருப்பு, கடலை, கௌபி என்பவற்றின் தோலிலும் சதையிலும் உள்ள பசைப்பொருளைக் கல்சியம் இறுக்கிப் பிடிப்பதனால் அவை அவிய மறுக்கின்றன. கொதித்துத் தெளிந்த தண்ணீரில் முதல் இரவே ஊறப்போட்டு, அதே வகைத் தண்ணீரில் அவித்தால் விறகு மிஞ்சும். அப்பச் சோடா ஒரு சிட்டிகை போடலாம். கூடினால் ருசியும் போய்ச் சத்தும் போய்விடும். கேத்திலிற் பிடித்த கல் நஞ்சல்ல. ஆனால் அது சூட்டைத் தடுப்பதனாற் கொதிக்க நேரம் எடுக்கும். வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ தண்ணீரோடு கலந்து விட்டு, இலேசாகச் சூடாக்கினால் கல் பொங்கிக் கரையும். அலுமினியப் பாத்திரமானால் இரவிரவாக விடக்கூடாது. புளி பாத்திரத்தையும் தின்னும். கத்தியாற் சுரண்டினால் ஓட்டைதான் மிச்சம்.

உடுப்புத் தோய்க்கச் சலவைச் சோடா கைகண்டது. மேற்சொன்ன 20 லீற்றர் வாளிக்கு, சவர்க்காரம் போடுமுன், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சோடாத்தூள் கரைத்துச் சற்று நேரம் விட்டால், கல்சியம் வெண்மண்டியாக அடியிற் படியும். 36 கிராம் சவர்க்காரத்தின் வேலையை 6 கிராம் சோடா செய்கின்றது. இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் கூடாது. கையில் வெட்டுக் காயம் இருந்தால் எரியும். இன்னொன்று: கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும் கமுகுக்கும் ஓடுவது எங்கள் வழக்கம். சோடாத் தண்ணீரை நெடுக அங்கே விட்டால், அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கி விடும். அலசின தண்ணீர் போகட்டும், முதற் தண்ணீரை வேறிடத்தில் ஊற்றுங்கள். வன்னீர் தானாகவே மண்ணுக்குக் கெடுதியல்ல. ஆயினும் மருந்து தெளிக்கும் கருவியின் வாயை அது அடைத்து விடும். வேலை முடிந்ததும் மழைத்தண்ணீரால் ஒரு தரம் கழுவி வைத்தால் அடுத்த முறை ஊசி தேடத் தேவையில்லை.

எவை உதவா என்பதையும் சொல்ல வேண்டும். தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், வன்மையைத் தொடாது. சீனாக்காரமும் அப்படியே. குளோரின் கிருமியைக் கொல்லும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. குழாயிற் காந்தம் பூட்டினாற் சவர்த் தண்ணீர் மாறும் என்று விற்க வருபவரிடம், பூட்டிய பின் மூன்று போத்தற் பரிசோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்; காசு அதற்குப் பிறகு. சவ்வூடு நெருக்கி வடிக்கும் பெரிய இயந்திரங்கள் வன்மையையும் புளோரைட்டையும் நீக்குகின்றன. ஆனால் அவற்றுக்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். உப்பு நிறைந்த கழிவுநீரைப் போக்க இடமும் வேண்டும். ஒரு குடும்பம் தனியே சமாளிக்கக் கூடியதல்ல.

தனிக் குடும்பத்துக்குக் கைக்கெட்டியது மழை. 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1000 லீற்றர் விழுகின்றது. சிந்தியது போக 800 லீற்றராவது பிடிக்கலாம். எமக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. தகரம் இல்லாவிட்டாற் சுத்தமான தறப்பாளை நான்கு தடியிற் கட்டி நடுவே தாழ விட்டாலும் போதும். முதல் மழையின் தண்ணீரைக் கூரை கழுவ விட்டுவிடுங்கள். கிடுகுக் கூரைத் தண்ணீர் பழுப்பாக வரும், அது தோய்க்க மட்டும். பீப்பாயை நுளம்பு புகாதபடி துணியால் மூடிக் கட்ட வேண்டும். குடிப்பதானாற் கொதிக்க வைக்க வேண்டும். பருப்புக்கும், தலை முழுக்குக்கும், வெள்ளை உடுப்புக்கும் அதை வைத்துக்கொண்டு, குடிக்கக் கிணற்றையே நம்பலாம், கிணறு சோதிக்கப்பட்டிருந்தால்.

சோதிப்பதற்கு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு ஆய்வுகூடங்கள் உண்டு. "தண்ணி நுரைக்குதில்லை" என்று மட்டும் சொன்னால் வன்மையை மட்டும் பார்த்து அனுப்பி விடுவார்கள். நைத்திரேற்று, புளோரைட்டு, மலக்கிருமி ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிச் சோதனைக்கான போத்தலை அவர்களிடமே வாங்க வேண்டும். வீட்டுப் போத்தலிற் கொண்டுபோனால் உங்கள் போத்தலின் கிருமிதான் எண்ணப்படும். வேலி, தோட்டம், மலக்குழி என்பன கிணற்றிலிருந்து எத்தனை அடியில் இருக்கின்றன என்று ஒரு கடதாசியிற் கீறிக்கொண்டு போவதும் நல்லது. மாரி முடிந்த உடனேயும், கோடை முற்றிய ஆவணியிலும் இருமுறை எடுத்துப் பார்த்தால், ஒரே கிணறு இரண்டு கிணறு போலக் காட்டக்கூடும்.