தொலைபேசி வழித் துணை

புற்றுநோய் என்னும் சொல்லை மருத்துவர் வாயிலிருந்து கேட்ட அளவில், அதன்பின் அவர் உரைப்பன பலவும் நோயாளியின் செவியில் ஏறுவதில்லை. வீடு திரும்பிய பின்னரே வினாக்கள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. இந்நோய் பிள்ளைகளுக்குத் தொற்றுமோ? கதிர்ச் சிகிச்சை என்பது யாது? மயிர் உதிர்ந்துவிடுமோ? மருத்துவரை மீண்டும் காணப் பல நாள் ஆகலாம். அண்டை வீட்டாரிடம் கேட்கவோ நாணம் தடுக்கும். இத்தகையோர் செலவின்றிக் கேட்டுத் தெளிவதற்கென ஏற்பட்டவையே புற்றுநோய்த் தகவல் தொலைபேசி நிலையங்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1971-ஆம் ஆண்டு தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. ஆய்வுக்கூடத்தில் விளையும் அறிவு மக்களையும் சென்றடைதல் வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1975-இல் தகவல் பணியைத் தொடங்கிற்று. அதற்குரிய தொலைபேசி எண்ணில் ஒரு புதுமை உண்டு. அந்நாட்டுத் தொலைபேசிகளில் எண்களோடு எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணின் இறுதி ஆறு இலக்கங்களை எழுத்துகளாகக் கொண்டால் ‘கான்சர்’ என்னும் நோயின் பெயரே கிடைக்கும். பலர் வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சிய பெயர், உதவிக்கு அழைக்கும் எண்ணாயிற்று.

அங்கே விடையளிப்போர் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். நோய் இன்னதென அவர்கள் துணிந்து கூறார், மருந்தும் விதியார். கேட்பவருக்கு விளங்கும் சொற்களால் உண்மையை எடுத்துரைத்து, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை வகுத்துக்கொள்ளத் துணைநிற்பர். அழுகின்ற குரலுக்கு விடை கூறுதல் நூலறிவால் மட்டும் ஆகும் செயலன்று.

இத்தேவையைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவரான விக்கி கிளமென்ட்-ஜோன்ஸ் அம்மையார். அவரையே சூற்பைப் புற்றுநோய் பற்றியது. மருத்துவராகிய தமக்கே நோயைப்பற்றிய தெளிவு இத்துணை இன்றியமையாததாயின், பிறர் நிலை என்னாகும் என எண்ணினார் போலும். அவர் நிறுவிய ‘பேக்கப்’ என்னும் அமைப்பு 1985-இல் மக்களின் அழைப்புகளை ஏற்கத் தொடங்கிற்று. 1987-இல் அவர் மறைந்தார், பணி தொடர்ந்தது.

அதே 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. செய்தி பரவியதும், அந்நோய் குறித்துத் தகவல் நிலையத்திற்கு வந்த அழைப்புகள் மளமளவெனப் பெருகின. ஆராய்ச்சியாளர் அவ்வழைப்புகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தனர். பெருகிய ஆர்வம் நெடுநாள் நிற்கவில்லை. செய்தி ஓய்ந்ததும் அதுவும் தணிந்தது. அழைப்புக் குறிப்பேடு மக்கள் மனநிலையை அளக்கும் கருவியும் ஆகும் என்பது இதனால் விளங்கிற்று.

அழைப்போர் யாவர் என ஆராய்ந்தபோது கவலை தரும் செய்தி ஒன்று வெளிப்பட்டது. பெரும்பாலோர் பெண்கள், கல்வியில் மேம்பட்டோரே மிகுதி. ஆடவரும், வறியோரும், கல்வி குறைந்தோரும் அழைத்தது குறைவு. தண்ணீர்ப் பந்தல் அமைத்தாயிற்று. தாகம் மிக்கோர் தெருவிற்கோ அது எட்டவில்லை.

1990-களில் ஆராய்ச்சியாளர் சிலர் ஒன்றுகூடி வேறொரு வினாவை எழுப்பினர். ஐயம் கேட்க வந்தவரிடம், அவர் கேளாத நல்லுரையும் சிறிது கூறினால் பயன் விளையுமா? இதனை அறிய, அழைத்தவருள் இசைந்தோரைக் குலுக்கலிட்டாற்போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குக் கேட்டதற்கு மட்டும் விடை கிடைத்தது. மற்றப் பிரிவினரிடம், விடை கூறி முடித்தபின், நாள்தோறும் காய்கனி மிகுதியாய் உண்பதன் நன்மை குறித்துச் சில நிமிடம் பேசினர். அச்சிட்ட தாள்களையும் அஞ்சலில் அனுப்பினர். விருப்பப்படி பிரித்திருந்தால், முன்னரே உடல்நலத்தில் நாட்டமுடையோர் ஒரு பக்கம் குவிந்து முடிவு பிறழ்ந்திருக்கும். குலுக்கலின் பயன் அதுவே. நான்கு வாரம் கழித்து இரு பிரிவினரையும் அழைத்து அவர்தம் உணவைப்பற்றி வினவினர். அறிவுரை கேட்டோர் மற்றவரைவிட மிகுதியாய்க் காய்கனி உண்டமை தெரியவந்தது. உண்டதை அவரவர் வாய்ச்சொல்லாலேயே அளந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆயினும், அழையாதிருந்தோரின் செய்தி எஞ்சி நின்றது. எனவே கொலராடோ மாநிலத்தில், வருவாய் குறைந்த பெண்களை நிலையத்தாரே தொலைபேசியில் அழைத்து, மார்பகப் புற்றுநோயை முன்னறியும் கதிர்ப்படச் சோதனை செய்துகொள்ளத் தூண்டும் முறையை ஆராய்ந்தனர். முன்பின் அறியாத குரல் இத்தகைய செய்தியைப் பேசினால் கேட்பவர் ஐயுறுதல் இயல்பு. ஆதலின், இன்னார் அழைப்பார் எனத் தெரிவிக்கும் அட்டை ஒன்றை முதலில் அஞ்சலில் விடுத்து, அதன்பின் அழைக்கும் முறையையும் உடன்வைத்துச் சோதித்துப் பார்த்தனர்.