ஒரு ரேஷன் கடை, இரண்டு டீலர்கள்: யாருக்கு உரிமம்?

இந்தியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனப்போ ரேஷன் கடையைப் பார்த்திருப்பீங்க. தமிழ்நாட்டில் அதைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் உரிமம் பெற்ற தனிநபர் டீலர்களும் நடத்துகின்றனர்.

சிக்கல் எங்கே?

எடை குறைவு, பதுக்கல் என்று புகார் வந்தால் அதிகாரிகள் உரிமத்தை ரத்து செய்யலாம். டீலர் மேல்முறையீடு செய்வார். அதுவரை ஊர் பட்டினி கிடக்க முடியுமா? கடை இன்னொருவர் கைக்குப் போகும். அப்புறம் பழையவர் ஜெயித்தால்?

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2015: பழையவரின் வழக்கில் புதியவர் அவசியமான தரப்பு அல்ல.

2022: புதியவர் முறைப்படி நிரந்தரமாக நியமிக்கப்பட்டிருந்தால், அவர் தரப்பையும் கேட்கணும்.

யார் ஜெயித்தாலும், 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் போய்ச் சேரணும்.