மழைக்காலக் காளான்: அறிந்து பறித்தல்

வன்னியில் ஐப்பசி மழை தொடங்கியதும் காட்டோரங்களிலும் வயற்கரைகளிலும் காளான்கள் முளைக்கின்றன. இடிமுழக்கத்தாற் காளான் பிறக்கும் என்பர் சிலர். மண்ணில் ஈரம் நிலைத்தலே உண்மைக் காரணமாகும். இவற்றுள் நல்லுணவாவனவும் உள. உயிரைப் போக்குவனவும் உள.

1. புற்றுக்காளான்

சில இனக் கறையான்கள் காய்ந்த இலை, மரம் முதலியவற்றை மென்று, நிலத்தினுள் கடற்பஞ்சு போன்ற கூடுகளை அமைத்து, அவற்றில் ஒருவகைப் பூஞ்சணத்தை உணவாக வளர்க்கின்றன. மழைக்குப்பின் அப்பூஞ்சணமே மேலெழுந்து காளானாக விரிகின்றது. குடையின் நடுப்பகுதி கூம்பியிருக்கும். பெரிய இனங்களின் தண்டு வேர்போல நீண்டு கூடுவரை செல்லும். அடியில் உறை இராது. கூட்டைக் கிளறாது பறித்தால் அடுத்த மாரியிலும் அவ்விடத்திற் காளான் கிடைக்கக்கூடும்.

2. விலக்க வேண்டியவை

புற்றரைகளில் வெண்குடையும் கபிலநிறச் செதில்களும் தண்டில் வளையமுமுடைய பெரிய காளானொன்று முளைக்கும். முதிர்ந்ததும் அதன் இதழ்கள் பச்சைச் சாயலடையும். இதனை உண்டோருக்குச் சில மணித்தியாலங்களுள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்.

தண்டின் அடியிற் கிண்ணம் போன்ற உறையும் வெள்ளை இதழ்களும் உடையவற்றுட் சில ஈரலை அழிப்பவை. வைக்கோற் காளானுக்கும் அத்தகைய உறை உண்டு. ஆனால் அதன் இதழ்கள் முதிருங்கால் இளஞ்சிவப்பாகும். மொட்டுப் பருவத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. ஆதலாற் காட்டில் மொட்டுக்களைப் பறித்தலாகாது.

3. தூட் சோதனை

குடையை வெட்டி, இதழ்ப்பக்கம் கீழாக, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசியில் வைத்து, கோப்பையால் ஓரிரவு மூடுக. பச்சை அல்லது வெள்ளைத் தூள் விழுந்தால் அது புற்றுக்காளானன்று, எறிந்துவிடுக. இளஞ்சிவப்புத் தூள் மட்டும் உண்ணத்தக்கதென்பதற்குச் சான்றாகாது. ஏனைய அடையாளங்களும் பொருந்துதல் வேண்டும்.

வெள்ளிக்காசு கறுத்தல், உள்ளி நிறம் மாறுதல், பூச்சி அரித்திருத்தல் என்பன நம்பத்தக்க சோதனைகளல்ல. ஈரலை அழிக்கும் நஞ்சு சமைத்தாலும் நீங்காது.

4. காட்டிற் செல்வோருக்கு

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபோதிலும் மிதிவெடிகள் யாவும் அகற்றப்படவில்லை. எச்சரிக்கைப் பலகையுள்ள இடங்களிலும் பழக்கமற்ற காட்டிலும் நுழைதல் கூடாது. கிருமிநாசினி தெளித்த வரம்புகளிற் காளான் பறித்தலும் ஆகாது.

5. நஞ்சேறினால்

கொடிய நஞ்சு 6 முதல் 24 மணித்தியாலங்களின் பின்னரே வாந்தியாகவும் வயிற்றோட்டமாகவும் வெளிப்படலாம்; பின்பு குணமானதுபோலத் தோன்றி, ஈரலைத் தாக்கும். ஆதலாற் சுகம் வந்ததென்று வீட்டில் தங்காது, எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலில் வீட்டிலேயே காளான் வளர்க்கலாம். அதற்குரிய முறையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. ஐயமுள்ள காளானை ஒருபோதும் உண்ணற்க.